எதுக்கும் பாய்க்கு ஒரு பால்கனி

உலகத்தில் உள்ள பயங்களையெல்லாம் ஒரே மனிதர் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடக் கொஞ்சம் விடாமல் தானே அனுபவித்தார் என்றால், அது எங்கள் பெரிய காஞ்சிபுரத்து எதுக்கும் பாய்தான். அவரைப் பார்த்த பிறகு நமக்கும் பயம் உண்டு என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கும்.

பாய்க்கு ஜரிகை வியாபாரம். அவருக்கென்று நல்ல பெயர் ஒன்று கடை போர்டில் இருந்தது. யாரும் படித்ததில்லை. "எதுக்கும்" என்ற சொல் இல்லாமல் அந்த மனிதர் வாயைத் திறந்ததே இல்லை என்பதால் ஊரே அவருக்கு எதுக்கும் பாய் என்று பெயர் வைத்துவிட்டது. "எதுக்கும் ஒரு கொட எடுத்துக்கோ", "எதுக்கும் அந்த ஃபேனுக்கு நேரா உக்காராத", இப்படி. கடையைப் பூட்டினால் பூட்டை ஏழு தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து எட்டாவது தடவை இழுப்பார். ஒரு நாள் அந்த எட்டாவது இழுப்பில் பூட்டு கையோடு வந்துவிட்டது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று அன்றைக்கெல்லாம் தெருவில் போகிறவர்களிடம் பூட்டைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஐயம்பேட்டையில் இருக்கும் நெசவாளர்களுக்கு ஜரிகை கொண்டுபோக அவர் ஷேர் ஆட்டோவில்தான் போவார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போவார். ஆட்டோக்காரருக்கு மானம் போனது.

"பாய், ஆட்டோவுல ஹெல்மெட் போடலன்னா போலீசு ஒண்ணியும் கேக்க மாட்டாங்க பாய்."

"போலீசு கேக்காதுபா. லாரி கேக்கும்."

எல்லாப் பயத்துக்கும் தலைவன் தண்ணீர். குளிக்கும்போது மக்கில் பாதிதான் மொள்வாராம். தெப்பக்குளம் இருக்கும் வீதி வழியாகப் போகவே மாட்டார். இரண்டு தெரு சுற்றிப் போவார். "ஏன் பாய், சின்ன வயசுல ஏதாவது குளத்துல விழுந்தீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "காரணம் இருந்தா வைத்தியம் பாத்துக்க மாட்டனா தங்கச்சி?" என்றார்.

நான் அப்போது கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். காசி யாத்திரை, மெக்காவுக்கு உம்ரா குரூப், ஏர்போர்ட்டுக்கு வண்டி, இவ்வளவுதான் எங்கள் உலகம். ஒரு திங்கட்கிழமை காலையில் பாய் உள்ளே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பின்னாலேயே அவர் மனைவி பாத்திமாக்கா, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்தார்.

"விமலா, சென்னையிலருந்து கப்பல் போவுதாமே, மூணு நாளு. நடுக்கடல் வரைக்கும் போயிட்டு வருதாம். பால்கனி வெச்ச ரூமு ஒண்ணு போடும்மா. மஸ்கட்ல இருக்கற என் பொண்ணு டிக்கெட்டு எடுத்துக் குடுக்கறா."

"யாருக்குக்கா?"

"எனக்கு. இவரு வந்தா இவருக்கும்."

பாத்திமாக்கா பழவேற்காட்டில் பிறந்தவர். கதவைத் திறந்தால் தண்ணீர், ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் என்று வளர்ந்த பெண்ணைக் கொண்டுவந்து, மக்கில் பாதி மொள்ளும் மனிதருக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். அக்கா என் மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"முப்பத்தோரு வருஷம் ஆச்சும்மா. பல்லு வெளக்கிக்கினே கடல பாத்துக்கினு நிப்பேன் எங்க ஊர்ல. இங்க வந்து ஒரு கொளத்த எட்டிப் பாத்தாகூட கையப் புடிச்சி இழுத்துக்கினு போறாரு இந்த மனுஷன். ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, கரையே தெரியாத கடல ஒக்காந்துக்கினு பாக்கணும். இவரு வரலன்னா நான் தனியா போறேன். சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள ரூம சொல்லணுமாம். எந்த ரூமுன்னு இவரே வந்து சொல்லட்டும்."

அக்கா போய்விட்டார். பாய் உட்கார்ந்தே இருந்தார். "எதுக்கும் ஒரு கிளாஸ் தண்ணி குடும்மா" என்றார். கொடுத்தேன். பாதிதான் குடித்தார்.

எனக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு காலண்டர் படத்தோடு சரி. ஆனாலும் தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. கப்பலின் படத்தை மாடி மாடியாகப் பிரிண்ட் எடுத்து, ஒட்டி, நீளமாக மேஜையில் விரித்தேன். அதைப் பார்த்ததும் பாய்க்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நீளமாக விரித்த எதுவும் அவருக்குப் புடவைதான்.

"இது முந்தியா?" என்று கப்பலின் முன்பக்கத்தைத் தொட்டார்.

"அப்படியே வெச்சுக்கோங்க. முன்னாடி பால்கனி. காத்து நல்லா வரும்."

"வேணாம். முந்திதான் மொதல்ல கிழியும். ஒடம்புல போடு."

"சரி, நடுவுல. ஆட்டமும் கம்மியாம். கீழ் மாடியா, மேல் மாடியா?"

"கீழ இருந்தா இன்னா ஆவும்?"

"தண்ணி கிட்டக்க தெரியும்."

"மேல இருந்தா?"

"தண்ணி தூரமா தெரியும்."

"விழுந்தா ரொம்ப நேரம் விழணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"இன்னொண்ணு பாய். கிளம்பும்போது இந்தப் பக்கத்து ரூம்லருந்து கரை தெரியும். அந்தப் பக்கம் தெரியாது."

"ஒத்தக் கரதானா? ரெட்டக் கர கெடையாதா?"

"அது புடவை பாய், இது கப்பல்! ரெண்டு பக்கமும் கரை வேணும்னா பாலாத்துலதான் போகணும்."

"பாலாத்துல தண்ணியே இல்லியேம்மா" என்றார் பாய். அதை அவர் சொன்ன ஏக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்.

அந்த வாரம் தினமும் பத்து மணிக்கு டாண் என்று வந்துவிடுவார். செவ்வாய்க்கிழமை பால்கனித் தடுப்பு பற்றிய விசாரணை. சில அறைகளில் இரும்பு, சில அறைகளில் கண்ணாடி என்றேன். "கண்ணாடியா! எங்க ஊட்ல டீ கிளாசே வாரத்துக்கு ஒண்ணு ஒடையுது." புதன்கிழமை வேறு சந்தேகம். "எனக்குத் தூக்கத்துல நடக்கற வியாதி இருந்தா இன்னா பண்றது?"

"இருக்குதா பாய்?"

"இது வரைக்கும் இல்ல. எதுக்கும்."

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அதைவிடக் கொடுமை, அவர் பயம் என்னையும் ஒட்டிக்கொண்டது. வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனவள், கைப்பிடிச் சுவரைப் பார்த்ததும் ஈரத்துணியோடு கீழே இறங்கி வந்துவிட்டேன். இருபது வருடமாக ஏறி இறங்குகிற மாடி அது!

வியாழக்கிழமை அவர் எதையும் விசாரிக்கவில்லை. மேஜையில் விரித்திருந்த கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜரிகையை விரலால் தடவியே நல்லதா போலியா என்று சொல்லிவிடுகிற கை, கப்பலின் விளிம்பை ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிக்கொண்டிருந்தது.

"வரமுடியாதுன்னு சொல்லிடுங்களேன் பாய். அக்கா சந்தோஷமா தனியா போயிட்டு வரட்டும்" என்றேன்.

"அதான்மா பயம்."

"எது?"

"அவ தனியா போறது. கடல பாத்துட்டு, அதுதான் நல்லா இருக்குதுன்னு அவளுக்குத் தோணிடுச்சுன்னா? முப்பத்தோரு வருஷத்துல நான் இன்னாம்மா காமிச்சேன் அவளுக்கு? ஜரிக, கட, பூட்டு. திரும்பி வந்து என் மூஞ்சியப் பாத்தா அவளுக்கு எப்படி இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருமென்று நினைத்துத்தான் நிமிர்ந்தேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மதியம்தான் வந்தார். நான் ஒரு தப்புப் பண்ணினேன். விலை குறைவாக இருந்த சில அறைகளைக் காட்டி, "இதெல்லாம் மட்டும் எடுத்துடாதீங்க. ஏமாந்துடுவோம். பால்கனிக்கு நேர் எதிர்ல ஆபத்துக்கு உதவுற படகைக் கட்டித் தொங்க விட்டிருக்காங்க. கடலே தெரியாது, படகுதான் தெரியும்" என்றேன்.

பாய் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"யா அல்லா! இத்தினி நாளா இத ஏம்மா சொல்லல? கடல் தெரியாது. படகு கையெட்டுற தூரம். இதுக்கா வெல கம்மி? புத்தி கெட்டவனுங்க! ஜாஸ்தி கேட்டாலும் குடுக்கலாமேம்மா இதுக்கு!"

"பாய், அக்கா கேட்டது கடல்."

"பால்கனின்னு கேட்டா. இதுவும் பால்கனிதான? நீ ஒண்ணும் சொல்லாத. கப்பல் ஏறினப்புறம் தெரிஞ்சுக்கட்டும். அதுக்கப்புறம் எங்க எறங்கிப் போவப் போறா?"

எனக்குக் கோபம் வந்ததே பார்க்க வேண்டும். "நீங்க பண்றது நியாயமே இல்ல பாய்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவருக்குக் காது கேட்கவில்லை. ஐந்து நாளில் முதல் தடவையாக முகத்தில் ரத்தம் ஓடியது. நாளைக்கு வந்து முடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, விசில் அடிக்காத குறையாகப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கே வந்துவிட்டார். பெயர், வயது, பாஸ்போர்ட் எல்லாம் அடித்தாகிவிட்டது. படகு மறைக்கிற அறைதான். இன்னும் ஒரே ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அந்த அக்காவை நினைத்து எனக்கு விரல் வரவில்லை.

"அமுக்கும்மா" என்றார் பாய். பிறகு, "இரு இரு. எதுக்கும் அந்த ரூமு போட்டோ இருந்தா காமி" என்றார்.

காட்டினேன். அழகான பால்கனி. இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேஜை. அதற்கு அந்தப் பக்கம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஆரஞ்சுக் கலரில் ஒரு படகின் வயிறு. பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் படகைப் பார்த்துப் பூரித்தார். அப்புறம் நாற்காலியைப் பார்த்தார். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நாற்காலில ஒக்காந்தா இன்னா தெரியும்மா?"

"படகுதான் பாய்."

"நின்னுக்கினு பாத்தா?"

"அப்பவும் படகுதான். மேல கொஞ்சம் வானம் தெரியலாம்."

"கடலு?"

படத்தைப் பெரிதாக்கினேன். படகின் அடிவயிற்றுக்கும் கீழே, கம்பித் தடுப்புக்கு நடுவில், மெல்லிசாக நீலம் தெரிந்தது. "கீழ ரெண்டடி தெரியுது பாய். தரையில உக்காந்து குனிஞ்சு பாத்தா தெரியும்."

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அவளால தரையில ஒக்கார முடியாதும்மா. முட்டி வலி. மூணு வருஷமா தொழுகைக்கே நாற்காலி போட்டுக்கினுதான் ஒக்கார்றா."

அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"வேற ரூமு போடு" என்றார். "எதிர்ல எதுவுமே இல்லாத ரூமா போடு. கர தெரியாத பக்கமா பாத்துப் போடு."

"கண்ணாடித் தடுப்புதான் இருக்கு பாய். பரவாயில்லையா?"

"அவ ஒக்காந்துக்கினு பாப்பா இல்ல? இரும்பு மறைக்கும். கண்ணாடியே போடு."

"உங்களுக்கு..."

"சீக்கிரம் அமுக்கும்மா, நான் எழுந்து ஓடறதுக்குள்ள!"

அமுக்கினேன். பாய் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்போதே கப்பல் கிளம்பிவிட்ட மாதிரி.

அவர்கள் போன மூன்று நாளும் எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. வானிலைச் செய்தியை மணிக்கொரு தடவை பார்த்தேன். காஞ்சிபுரத்தில் லேசாகத் தூறினால்கூட நடுக்கடலில் பாய் என்ன ஆனாரோ என்று திக் என்றது. அனுப்பி வைத்த பாவம் எனக்குத்தானே சேரும்!

திரும்பி வந்த மறுநாள் முதலில் பாத்திமாக்காதான் வந்தார். வெயிலில் கறுத்திருந்தார். நாற்காலியில் உட்காருமுன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அந்த மெதக்கற சட்ட இருக்குது பாரு, ஆபத்துக்குப் போட்டுக்கறது, அத ஏறினதும் மாட்டினாரும்மா. எறங்கறப்பதான் கழட்டினாரு. சாப்பிடறப்பவும் அது, தூங்கறப்பவும் அது! கப்பல்ல இருக்கற கொழந்தைங்க எல்லாம் இவர்கூட நின்னு போட்டோ எடுத்துக்கினாங்க."

"பால்கனிக்கு வந்தாராக்கா?"

"மொத நாளு கதவுக்கு உள்ளயே ஒக்காந்துக்கினு, கைய மட்டும் வெளிய நீட்டி என் கையப் புடிச்சிக்கினு இருந்தாரு. ரெண்டாவது நாளு விடிஞ்சதும் வெளிய வந்தாரு. கண்ண கெட்டியா மூடிக்கினு வந்து என் பக்கத்து நாற்காலில ஒக்காந்தாரு. 'இன்னா தெரியுது, சொல்லு' ன்னாரு. நான் சொல்லச் சொல்ல கேட்டுக்கினே இருந்தாரு. கண்ண தொறங்கன்னா மாட்டேன்னுட்டாரு. நான் காலையில ஆரம்பிச்சேன், வெயிலு ஏறுற வரைக்கும் பேசினேன் விமலா. முப்பத்தோரு வருஷத்துல என்ன அவ்ளோ நேரம் யாரும் பேச உட்டதில்ல."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பால் வந்த தண்ணீர் என்றார். இருக்கலாம்.

சாயங்காலம் பாய் வந்தார், ஹெல்மெட்டோடு. ஐயம்பேட்டையிலிருந்து அப்படியே வருகிறாராம். வந்தால் அவரை எப்படியெல்லாம் கிண்டல் பண்ண வேண்டும் என்று மூன்று நாளாக நான் சேர்த்து வைத்திருந்தேன்.

"என்ன பாய், கடல் எப்படி இருந்துச்சு?"

பாய் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சாம் தங்கச்சி. விடியறப்ப மாம்பழக் கலராம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீலமாம். பெரிய மீனு ஒண்ணு எகிறிக் குதிச்சிதாம்."

சேர்த்து வைத்திருந்த கிண்டலில் ஒன்றுகூட எனக்கு வாயில் வரவில்லை. "இன்னும் சொல்லுங்க பாய்" என்றேன்.