தயக்கத்தில் தகவல் உண்டா?

அரசுத் துறைகளுக்கிடையிலான பிரிட்ஜ் சீட்டாட்டக் கோப்பை மிகவும் புனிதமான விஷயம். ஊழியர்களிடையே நேர்மையையும் கூட்டுணர்வையும் வளர்ப்பதற்காக நடத்தப்படுவதாக அழைப்பிதழிலேயே அச்சிட்டிருந்தார்கள். அச்சில் வந்துவிட்டபடியால் அதை யாரும் சந்தேகப்படவில்லை.

குடிநீர்த் துறைக் கணக்கருக்கு நேர்மையும் கூட்டுணர்வும் தேவைக்கு மேலேயே இருந்தன. இல்லாதது மாற்றல் உத்தரவு மட்டும்தான். மனைவி வேறொரு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் போனில்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். மாற்றல் கோப்போ துணை இயக்குநரின் மேசையில் சுகமாகப் படுத்திருந்தது.

துணை இயக்குநர் எந்தக் கோப்பையும் நிராகரித்தவரல்ல. அந்தக் கெட்ட பெயர் அவருக்குக் கிடையாது. எதைக் கேட்டாலும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பார்க்கலாம்" என்பார். டீயா காப்பியா என்று கேட்டால் கேன்டீனைச் சாத்தும்வரை யோசிப்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பார்க்கலாம்'தான்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கணக்கரை அழைத்து, "இந்தத் தடவை கோப்பை மட்டும் நம்ம துறைக்கு வந்துட்டா, உங்க மாற்றல்ல உடனே கையெழுத்து" என்றார். சொல்லி முடிக்கச் சற்று நேரமானாலும் சொல்லி முடித்தார். கணக்கர் அந்த நிமிஷமே அவருக்கு ஆட்டக் கூட்டாளியானார்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு ஜோடி. எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் முறைவைத்துக் கேட்பார்கள். நாலு என்று கேட்டால் பத்துப் பிடி எடுக்க வேண்டும், ஆறு என்றால் பன்னிரண்டு. கூட்டாளிக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் இந்தக் கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். இருமக் கூடாது, கண்ணடிக்கக் கூடாது, முக்கியமாக ரொம்ப நேரம் யோசிக்கக் கூடாது. ஏனென்றால், 'நாலு' என்று சொல்ல ஒருவர் தயங்கினால், 'மேலே போக ஆசைதான், துணிச்சல்தான் வரவில்லை' என்று அர்த்தமாகிவிடும். தயங்குவதுகூடப் பெரிய குற்றமில்லை. எதிரே இருக்கும் கூட்டாளி அந்தத் தயக்கத்தை வைத்துக் குளிர்காய்வதுதான் குற்றம்.

இறுதி ஆட்டம் கண்காணிப்புத் துறையோடு. கடைசிச் சுற்றுக்குச் சீட்டுப் பிரித்துப் போட்டார்கள். கணக்கர், "ஒரு ஸ்பேடு" என்றார். துணை இயக்குநரின் முறை வந்தது. அவர் சீட்டுகளை இனவாரியாக அடுக்கினார். பிறகு கலைத்து வேறு மாதிரி அடுக்கினார். கூரையைப் பார்த்தார். கண்காணிப்புத் துறை அணித்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் கழற்றித் துடைத்தார். ஒருவழியாக, "நாலு ஸ்பேடு" என்று பிறந்தது.

கணக்கரின் கையில் ராஜபோகமான சீட்டு. "ஆறு ஸ்பேடு" என்றார். பன்னிரண்டு பிடியும் எடுத்தார். சீட்டு அதிர்ஷ்டத்தால் யாரும் ஜெயித்துவிடக் கூடாதென்று பக்கத்து அறையிலும் இதே சீட்டுகளைத்தான் கொடுப்பார்கள். அங்கே அவை கிடைத்த கண்காணிப்புத் துறை ஜோடி நாலிலேயே நின்றுவிட்டிருந்தது. அதனால் கோப்பை குடிநீர்த் துறைக்கு!

"ஆட்சேபணை!" என்று எழுந்தார் அணித்தலைவர்.

விவகாரம் நன்னடத்தைக் குழுவுக்குப் போயிற்று. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதியம்மா. சிரிப்பதைப் பணிக்காலத்திலேயே விட்டுவிட்டவர்.

"உங்க கூட்டாளி அவ்வளவு நேரம் தயங்கினாரே, அதை வச்சுத்தானே ஆறு கேட்டீங்க?" என்று கணக்கரைக் கேட்டார்.

ஆமாம் என்றால் கோப்பை போகும், கூடவே மாற்றலும் போகும். இல்லை என்றால் ஏன் இல்லை என்று விளக்க வேண்டும். அதுவும் பக்கத்து நாற்காலியில் இருக்கும் மேலதிகாரியின் காதுபட. கணக்கர் மனைவியை நினைத்துக்கொண்டார். துணிந்துவிட்டார்.

"மேடம், எங்க சாரோட தயக்கத்துல தகவல் எதுவுமே இருக்காது."

"அதெப்படி?"

"டீயா காப்பியான்னாலும் இதே தயக்கம்தான். மழை கொட்டுது, குடை எடுத்துட்டு வரவா சார்னாலும் இதேதான். போன மழைக்கு முழுக்க நனைஞ்சே வீட்டுக்குப் போனார்."

"அப்போ உங்க அதிகாரி யோசிக்கறதே இல்லைங்கறீங்களா?" என்று பாய்ந்தார் அணித்தலைவர்.

"நேரம் எடுத்துக்குவார். அதை யோசனைன்னு நான் சொல்ல மாட்டேன்."

நீதிபதியம்மா துணை இயக்குநர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. அந்த நேரத்துல என்ன நினைச்சுட்டு இருந்தீங்க?"

துணை இயக்குநர் கூரையைப் பார்த்தார். குழு காத்திருந்தது. பிஸ்கட் வந்து தீர்ந்தது. உறுப்பினர் ஒருவர் தூங்கி விழுந்து, யாருக்கும் தெரியாமல் விழித்தும்கொண்டார். கடைசியில், "அது வந்து... பார்க்கலாம்" என்றார் துணை இயக்குநர்.

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. 'தயக்கத்தில் தகவல் இருக்க வேண்டுமாயின் அதற்கு முன்பாகச் சிந்தனை இருந்திருக்க வேண்டும். மேற்படி அலுவலரிடம் மேற்படி பொருள் இருந்ததற்கான சான்று ஏதும் குழுவின் பார்வைக்கு வரவில்லை. ஆகவே ஆட்சேபணை தள்ளுபடி செய்யப்படுகிறது.'

தொலைந்தோம் என்று நினைத்தார் கணக்கர். ஆனால் துணை இயக்குநர் தீர்ப்பின் நகலைச் சட்டம் போட்டு நாற்காலிக்கு மேலே மாட்டினார். கோப்புகளைத் தாமதப்படுத்தியதாக அவர்மேல் ஏகப்பட்ட விசாரணைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் இனி ஒரே பதில்தான். தாமதம் சிந்தித்துச் செய்ததல்ல, நீதிபதியே சொல்லிவிட்டார்!

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு நற்சான்று கிடைச்சதே இல்லைப்பா" என்று கண் கலங்கினார். அந்த உருக்கத்தில் மாற்றல் கோப்பை இழுத்துக் கண்மூடித் திறப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கணக்கருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவிக்குப் போன் போட்டார். அவள் அன்றே அலமாரியில் அவர் துணிகளுக்கு ஒரு தட்டைக் காலி செய்து வைத்தாள்.

கண்காணிப்புத் துறை மட்டும் தூங்கவில்லை. அணித்தலைவர் மறுபடியும் நீதிபதியம்மாவின் முன்னால் வந்து நின்றார். "மேடம், இந்த மனுஷன் இதுவரைக்கும் எந்தக் கோப்புலயும் சட்டுனு கையெழுத்துப் போட்டதில்லை. இதுல மட்டும் ஏன் இந்த அவசரம்? தயக்கத்துல தகவல் இல்லைன்னா, வேகத்துலதான் தகவல் இருக்கு!"

நீதிபதியம்மாவால் இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. பிரிட்ஜிலும் அதுதான் விதி. மெதுவும் கூடாது, வேகமும் கூடாது, எப்போதும் ஒரே சீராகக் கேட்க வேண்டும். அவருடைய பரிந்துரை சுற்றறிக்கையாகவே வந்துவிட்டது. 'இனி எல்லாக் கோப்புகளும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். மெதுவானவர்களை வேகப்படுத்த நிதி ஒதுக்கீடு இல்லாமையால், வேகமானவர்கள் மெதுவாகிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். குடிநீர்த் துறைத் துணை இயக்குநரின் வேகமே நிர்ணயிக்கப்பட்ட வேகம்.'

மாற்றல் உத்தரவு ரத்தாகி, கோப்பு பழைய இடத்திலேயே போய்ப் படுத்தது. கேட்ட அன்றே குழாய் இணைப்பு கொடுத்துவந்த பக்கத்து மேசை அம்மாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஜனங்கள் கொதித்தெழுவார்கள் என்று கணக்கர் எதிர்பார்த்தார். குழாய் இணைப்பு கேட்டு ஜன்னலில் நின்ற ஒருவர் சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்தார்.

"அப்போ என் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் இதே தாமதம்தானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. எல்லாருக்கும் இதேதான்."

"அப்போ சரி" என்று காலிக் குடத்தோடு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். "எந்த வண்டியில வர்றீங்க?"

கணக்கர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"சரி. புரிஞ்சுபோச்சு."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!"

"அதனாலதான் புரிஞ்சுது. இப்போ இல்லைன்னா வேற எப்பதான் வருவீங்க?"

கணக்கர் கூரையை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பார்க்கலாம்" என்றார்.

மறுமுனையில் போனை வைக்கிற சத்தம் கேட்டது. அதில் தயக்கம் ஏதும் இல்லை.