கூரைக்கு வேர்க்கக் கூடாது

பெண்கள் முன்னேற வேண்டும் என்று ஒரு நாள் காலை முடிவெடுத்தேன். என் வீட்டிலிருந்தே தொடங்குவது என்றும் முடிவு செய்தேன்.

என் பெயர் ரோச். தூத்துக்குடியில் ஏசி ரிப்பேர் கடை. எனக்குப் பைப் சப்ளை செய்யும் கம்பெனி சென்னையில் ஐந்து நாள் பயிற்சி வைத்திருந்தது. குழாயில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டுக் கூரையையே குளிரவைக்கிற முறை. கடைக்கு ஒருவர் வரலாம். கடைசி நாள் பரீட்சை. பரீட்சை என்று கேட்டாலே எனக்கு ஏசி இல்லாமல் குளிரும்.

என் மனைவி ஜெர்லின் பி.எஸ்சி. பிசிக்ஸ். அவளை அனுப்பினால் கடைக்குச் சான்றிதழ் வரும். எனக்கு ஐந்து நாள் டிவி ரிமோட் வரும்.

"ஏளா, பொம்பளைங்க முன்னேறணும்ளா."

"என்ன வேணும்னு சொல்லுங்க."

விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க போகலியா?"

"கடைய யார் பாப்பா? நீ படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு. வேலைய நான் பாக்கேன்."

"சரி" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இத்தனை சீக்கிரம் சரி சொன்னதில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பயிற்சி முடிந்து ரயிலிலிருந்து மஞ்சள் ஹெல்மெட்டோடு இறங்கினாள்.

"தலையில எதுக்குளா?"

"பெட்டியில இடம் இல்ல. இனிமே சைட்டுல நான் சொல்லுததத்தான் நீங்க கேக்கணும். பாஸானவங்கதான் இன்சார்ஜ்."

"வீட்டுல?"

"அதுக்குப் பயிற்சி தேவையில்லன்னுட்டாங்க."

முதல் வேலை ஏரலில். முருகேஸ்வரி அக்காவும் அவர் கணவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சியும் நடத்தும் ஜவுளிக்கடையில், மாடியில் இருக்கும் பட்டுப் பிரிவு. ஏணியில் நான் நின்றேன். கீழே நின்று ஜெர்லின் விரலை நீட்டினாள்.

"இதுல காத்து வீசாது. நம்ம உடம்புச் சூட்டக் கூரை வாங்கிக்கும்."

"இத்தன வருசமா வீட்டுல சூடு வாங்குனது நான். இப்பக் கூரையா?"

அவள் சிரிக்கவில்லை. இன்சார்ஜ்.

குழாய் மாட்டித் தண்ணீர் ஓட்டியதும் தகராறு வந்தது. குளிர் எனக்குப் பற்றவில்லை.

"ஏசின்னா பல்லு தந்தியடிக்கணும்ளா. தண்ணிய இன்னும் குளிர வையி."

"ஐஸ் தண்ணி ஊத்துன டம்ளருக்கு வெளிய வேர்க்குதுல்லா? இங்கன ஆத்துக் காத்து முழுக்க ஈரம். தண்ணிய ரொம்பக் குளிர வச்சா கூரையும் வேர்க்கும். கூரை வேர்த்தா கூறைப்புடவை நனையும்."

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை. பிறகு அவளாகவே சுவரோரம் ஒரு திருகு சுவிட்ச் மாட்டினாள்.

"இது உங்களுக்கு. குளிர் பத்தலேன்னா திருப்பிக்கிடுங்க. யார்ட்டயும் சொல்லாதீய."

உருகிவிட்டேன்.

திறப்பு விழா. கல்யாண வீட்டுக் கூட்டம். சங்கரபாண்டியன் அண்ணாச்சி கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்னவே ரோச்சு, காத்தையே காணும்?"

மூலைக்குக் கூட்டிப்போய் சுவிட்சை ஒரு திருகு திருகினேன். உடனே முதுகில் சில்லென்றது.

"ஆகா!" என்றார். அவரும் ஒரு திருகு திருகினார்.

"பொம்பளைங்களுக்குப் பயம் அதிகம் அண்ணாச்சி. அனுபவம்னு ஒண்ணு இருக்குல்லா."

மூன்றாவது திருகில் அவருக்கு நடுங்கிவிட்டது. "ரோச்சு குளிரக் கூட்டிட்டான்!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, சூடாக டீ குடிக்கக் கீழே போனார்.

முருகேஸ்வரி அக்கா ஓடி வந்தார். "ஏளா ஜெர்லின்! கூட்டுனா கூரை வேர்க்கும்னு சொன்னியே! அம்புட்டும் பட்டு! ஒரு சொட்டு விழுந்தாலும் என் கடை பேரு நாறிப் போயிரும்!"

அண்ணாந்து பார்த்தேன். கூரைக்கு வேர்க்கவில்லை. எனக்கு வேர்த்தது. செய்த காரியம் அப்போதுதான் உறைத்தது. விரித்து வைத்திருந்த சேலைகளை இரண்டு கையாலும் வாரிச் சுருட்ட ஆரம்பித்தேன்.

ஜெர்லின் நிதானமாக வந்தாள். "பதறாதீய அக்கா. அந்த சுவிட்சுக்கு வயரே குடுக்கல. சும்மா சுவத்துல நிக்கி. இந்த மாதிரி ஆளு எல்லா சைட்டுலயும் ஒண்ணு இருக்கும்னு டிரெய்னிங்ல சொன்னாங்க."

சேலைகளை மறுபடி ஒவ்வொன்றாக விரித்து வைத்தேன்.

முருகேஸ்வரி அக்கா கொஞ்ச நேரம் அந்த சுவிட்சையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுல அவுக ஏசி ரிமோட்ட வச்சிப் படுத்துத பாடு தாங்கல. இதுல ஒண்ணு மாட்டித் தருவியா?"

"எங்கன மாட்டணும்க்கா?"

"அவுக கைக்கு எட்டுத மாதிரி."

மறுநாள் அவர்கள் வீட்டில் நான்தான் மாட்டினேன். ரிமோட் அக்காவின் இடுப்பில் இருந்தது. சங்கரபாண்டியன் அண்ணாச்சி ஆசையாக ஒரு திருகு திருகி, கண்ணை மூடினார்.

"எப்படிவே இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

ஜெர்லின் என்னைப் பார்த்தாள்.

"ரொம்பக் குளிருது அண்ணாச்சி" என்றேன்.