மீதி மருந்தும் என் மகளின் இருமலும்

வேப்பம்பட்டில் அக்காவோடும் பிள்ளைகளோடும் சௌக்கியமாக இருக்கும் மச்சான் ஆதிநாராயணன் அவர்களுக்கு, புதுவாயலிலிருந்து பூவராகவன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே உங்கள் தங்கை கல்பனாவும் கைக்குழந்தை பூமிகாவும் நலம். நான்தான் கொதித்துப் போயிருக்கிறேன். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் இன்னொன்றை ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் கடிதம். இதன் நடுவில் உங்களால் பேச முடியாது.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் போட்ட குரல் பதிவைக் கேட்டேன். "டாக்டரம்மா மருந்தே வேணான்னுச்சு. நான் குடுத்தேன், ஒரே வேள, பாப்பா இருமலு க்ளீன்" என்கிறீர்கள். மீஞ்சூர் சித்தப்பாவிலிருந்து எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள். அதனால் நடந்ததை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் வந்து, காய்ச்சல் போய், இருமல் மட்டும் தங்கிவிட்டது உங்களுக்குத் தெரியும். கம்பெனியில் பாதி ஷிப்டுக்குப் பர்மிஷன் கேட்டு, சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்காமல் ஓடிவந்து, கும்மிடிப்பூண்டி குழந்தை டாக்டரிடம் தூக்கிப் போனோம். அந்த அம்மா குழந்தையின் சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதையே வெகுநேரம் பார்த்தார். காது, தொண்டை எல்லாம் பார்த்தார். பால் குடிக்கிறாளா, ஒன்றுக்குப் போகிறாளா என்று கேட்டார். பிறகு, "இது வைரஸ்ல வந்தது, ஆன்டிபயாட்டிக் இதுக்குக் கேக்காது. இருமல் அடங்க ரெண்டு மூணு வாரம்கூட ஆகும். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்கலன்னாலோ, திரும்பக் காய்ச்சல் அடிச்சாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். ஒரு சிரப்புகூட எழுதித் தரவில்லையே என்று எனக்கும் அன்று ஆத்திரம்தான், மறைக்கவில்லை. ஆனால் குழந்தை இருமிவிட்டுச் சிரித்தாள், பால் குடித்தாள், என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். சரி, அந்த அம்மா சொன்னதில் அர்த்தம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தேற விட்டீர்களா நீங்கள்? தினமும் போன் செய்து, "கொயந்த இருமிக்கினே கீது, நீ இன்னா வேடிக்க பாத்துக்கினு கீற?" என்று கேட்டீர்கள். ஸ்பீக்கரில் அதைக் கேட்டுக் கேட்டு, கல்பனா என்னை ஏதோ ஈவு இரக்கம் இல்லாதவனைப் போலப் பார்க்க ஆரம்பித்தாள். குழந்தை ஒவ்வொரு முறை இருமும்போதும் அவள் கண் குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தீர்கள். தாய்மாமன் வந்திருக்கிறாரே என்று, உங்களுக்குத்தான் பிரியாணி வாங்க நான் ஹைவே கடை வரிசையில் வெயிலில் நின்றேன். அந்த நேரம் பார்த்து, உங்கள் மகனுக்கு எப்போதோ எழுதித் தந்து, கலக்கி, மீந்து, உங்கள் வீட்டு பிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த ஆன்டிபயாட்டிக்கைப் பையிலிருந்து எடுத்து என் மகளுக்கு ஊட்டியிருக்கிறீர்கள். அளவு? "ஒரு மூடி" என்றீர்கள். கலக்கிய மருந்து சில நாளில் கெட்டுப்போகும் என்று பாட்டில் மேலேயே போட்டிருக்கிறதே மச்சான். பிரியாணியைச் சாப்பிட்டு, லெக் பீஸ் சின்னது என்று குறை சொல்லி, ரயிலேறிப் போய்விட்டீர்கள்.

அன்று மாலையே குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. துணி நனைத்து வைத்தால் மோட்டார் ரிப்பேர். பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் குடம் குடமாகத் தண்ணீர் வாங்கித் துவைத்தேன். துவைத்து மடித்து வைத்த என் யூனிபார்ம் மேலேயே வாந்தி. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை துவண்டு தோளில் சாய்ந்தாள். மறுபடியும் அதே டாக்டரிடம் ஓடினோம். "யார் குடுத்தது இதை?" என்று கேட்டார். கல்பனா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் கொடுத்தேன் என்றேன். வேறென்ன சொல்வது? "படிச்சவர் மாதிரி இருக்கீங்க" என்று ஆரம்பித்து, வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்கும்படி அவர் விளாசினார். உங்களுக்குச் சேரவேண்டியதை எல்லாம் நான் நின்று வாங்கிக்கொண்டேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் ஊட்டி ஊட்டிப் பிள்ளையைத் தேற்றினோம். இருமல் அதன்பிறகும் வெகுநாள் இருந்து, டாக்டர் சொன்னபடியே தானாக அடங்கியது. அந்தப் பெருமையைத்தான் நீங்கள் குரூப்பில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

குரல் பதிவை உடனே அழிக்கவும். பூமிகா பள்ளிக்கூடம் போகும்வரை என் வீட்டு வாசற்படி மிதிக்க வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்களுக்கு இந்த முறை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
கோபம் தணியாத
பூவராகவன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன் குழந்தைக்குத் திரும்பக் காய்ச்சல். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரே அழுகை. டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, காதுக்குள் சீழ் கோத்திருக்கிறது, இப்போது ஆன்டிபயாட்டிக் கட்டாயம் வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று எழுதித் தந்தார். நான் இப்போது விவரம் தெரிந்த அப்பா அல்லவா? "ஆன்டிபயாட்டிக் எதுக்கு மேடம்?" என்று கேட்டு, அதற்கும் திட்டு வாங்கினேன். மருந்தை நான் ஊட்டினால் துப்புகிறாள், கல்பனா ஊட்டினாலும் துப்புகிறாள். ஒரு சொட்டு சிந்தாமல் அவளை முழுங்கவைத்த ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். கடிதம் கிடைத்ததும் லீவு போட்டுவிட்டு வாருங்கள். பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவேன்.