வாயடைத்துப் போன பவர் அம்ப்

நெடுங்கேணி,
ஞாயிற்றுக்கிழமை.

சுவிஸில் இருக்கும் என் மச்சான் பாலனுக்கு, அத்தான் பரமேஸ்வரன் எழுதிக்கொள்வது. வற்றாப்பளை அம்மாளாச்சி புண்ணியத்தில் இங்கே நான் சுகம், உமது அக்கா விமலேஸ்வரி சுகம், மாடு கன்றுகளும் சுகம். நீர் எங்கள் மகள் மேனுகாவின் கிற்றாருக்கு அனுப்பிய பவர் அம்ப் மட்டும் சுகமில்லை. வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவீர் என்பதால் கடதாசியில் எழுதுகிறேன், முழுவதையும் வாசியும்.

போன வருஷம் விளையாட்டுக் கழக விழாவில் உமது மருமகள் முதன்முதலாக மேடையேறி வாசித்தாள். கழகத்துப் பெடியன் ரஜிதன் அடித்த ட்ரம்ஸில் அவளுடைய கிற்றார் ஒரு சொட்டும் கேட்கவில்லை. முடிந்து வரும்போது பக்கத்து வளவு ஞானேஸ்வரி அக்கா, "பிள்ளை பாவம், ஏறின நேரந்தொட்டு வயித்தைச் சொறிஞ்சுகொண்டெல்லே நிண்டது" என்றா. நக்கலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தா. மேனுகா அன்று சோறு தின்னவில்லை. "அடுத்த முறையும் கேக்காட்டி நான் இனி இதைத் தொடமாட்டன், அப்பா" என்றாள். அதற்காகத்தான் வெட்கத்தை விட்டு, சத்தத்தைக் கூட்டித்தர ஒரு அம்ப் வேண்டுமென்று உம்மிடம் கேட்டேன்.

நீர் அனுப்பியது என்ன? பொதியைப் பிரித்தால் சாப்பாட்டுப் பெட்டியளவில் ஒரு சாமான். கோவில் லவுட்ஸ்பீக்கர்காரரின் அம்பைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இதை மடியில் செருகிக்கொண்டு நான் வயலுக்குப் போய்வரலாம். அவளுடைய பழைய ஸ்பீக்கர் பெட்டியில் கொழுவிப் பார்த்தோம், மாடு காதைக்கூட ஆட்டவில்லை. உம்மைக் கேட்டால், அந்தப் பெட்டியின் மின்தடை பதினாறு ஓம்ஸ், இது ட்ரான்சிஸ்டர் அம்ப், அதற்கு முழுப் பலத்தையும் கொடுக்காது, எட்டு ஓம்ஸ் பெட்டி இரண்டைப் பக்கத்துப் பக்கமாகக் கொழுவினால் நாலாகும், அப்போதுதான் முழுச் சத்தமும் வரும், பெட்டி கூடக்கூட ஓம்ஸ் குறையும், நாலுக்குக் கீழே மட்டும் இறக்கவேண்டாம், இறக்கினால் அம்ப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் என்று பாடம் நடத்தினீர். எட்டும் எட்டும் சேர்ந்தால் நாலாம்! அதையும் பொறுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போய் அப்படியே இரண்டு பெட்டி வாங்கிவந்தேன். பொய் சொல்லக்கூடாது, குசினியில் தட்டெல்லாம் ஆடியது.

இந்த வருஷ விழா அன்றுதான் வினை வந்தது. நீர் போய்க் கனகாலமென்றாலும் ஊர் முறை மறந்திருக்காது. ஒரு வீட்டில் காரியமென்றால் கதிரை, கிடாரம், பாய் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று சொன்னால் பிறகு செத்த வீட்டுக்கும் படலை திறக்கமாட்டார்கள். மேனுகாவின் கிற்றாருக்குச் சத்தம் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு, ஞானேஸ்வரி அக்கா தன் வீட்டு ஸ்பீக்கர் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டா. "எங்கடை பிள்ளைக்கு நாங்கள் உதவாமல் ஆர் உதவுறது?" அவா சொல்லி முடிக்கமுன்னம் மாயாண்டி அண்ணர் உழவு இயந்திரத்தில் இன்னும் இரண்டோடு வந்து இறங்கினார். பின்னால் கழகத் தலைவர் ஒரு பெட்டியோடு. மேனுகா என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "அப்பா, எல்லாத்தையும் கொழுவினால் நாலுக்குக் கீழ போயிடும், அம்ப் நிண்டிடும்."

"அப்ப ஆற்றை பெட்டியைக் கொழுவி ஆற்றை பெட்டியை விடுறது? நீயே போய்ச் சொல்லு, உங்கடை பெட்டி வேண்டாமெண்டு" என்றேன். எல்லாவற்றையும் நானே கொழுவினேன்.

அவள் கம்பியில் ஒரு தட்டுத்தான் தட்டினாள். அம்பில் சிவப்பு லைற் ஒன்று எரிந்தது. பிறகு மூச்சுப் பேச்சில்லை. சனம் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை கிற்றாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து அதைத் தொடவுமில்லை, என்னோடு கதைக்கவுமில்லை. நான் கேட்கிறேன், ஊரே சேர்ந்து ஆசையாகத் தந்ததைத் தாங்க ஏலாத ஒரு சாமானை எந்த முகத்தோடு இங்கே அனுப்பினீர்? ஆளுக்கொரு கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிற உங்கள் நாட்டுக்கு அது சரிவரலாம். எங்களுக்குச் சரிவராது. உடனே ஆள்விட்டு எடுப்பியும்.

உமது மனைவியை விசாரித்ததாகச் சொல்லும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. அம்மாளாச்சி அவர்களுக்குப் படிப்பையும் உமக்குப் புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத அத்தான்,
பரமேஸ்வரன்.

பி.கு.: தபாற் கந்தோருக்குப் போக ஒரு கிழமை பிந்திவிட்டது. அதற்குள் கழகத்துப் பெடியள் நேற்றுப் பின்னேரம் அவளைத் திரும்ப மேடையேற்றினார்கள். ஊரும் திரும்பப் பெட்டிகளைக் கொண்டுவந்தது. உமது அக்காவும் தன் பங்குக்கு எங்கள் ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்தா. மேனுகா ஒன்றையும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் மேடையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூமாலை போட்டாள். வயர் மட்டும் தன்னுடைய இரண்டுக்குத்தான். மச்சான், சத்தமென்றால் அது சத்தம்! "கொஞ்சம் பலமா அடியடா" என்று சனம் ரஜிதனைப் பார்த்துக் கத்தியது. நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

முடிந்ததும் ஞானேஸ்வரி அக்கா, "கேட்டியளே, என்ரை பெட்டிதானே பாடினது" என்றா. மாயாண்டி அண்ணர் விடவில்லை. "நல்லா கேட்டுப் பாருங்க அக்கா, அது நம்ம பெட்டி சத்தம்." மேனுகா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் இரண்டு பேருக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். அம்பை எடுக்க ஆள் அனுப்பவேண்டாம். உமது அக்காவோடு கதைக்கும்போதும் பார்த்துக் கதையும். எல்லாப் பெட்டியிலும் எங்கள் ரேடியோப் பெட்டிதான் துலக்கமாகக் கேட்டது என்று அவா அயலெல்லாம் சொல்லித் திரிகிறா.