கட்டுப்பல்லுக்கு ஒரு வேர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு கொஞ்சம் சோம்பிக் கிடந்துவிட்டு, பல்லின் மேல் பொட்டு ஒட்ட இடம் பார்க்கும் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தது. அந்த மகத்துவத்துக்கு வாயைக் கொடுத்த பாக்கியசாலி, மார்க்கெட் ஏலக்காரர்.

அவருக்கும் வேறு வழியில்லை. காய்கறி ஏலத்தை இனிமேல் கேமராவில் காட்டப்போவதாக மார்க்கெட் கமிட்டி முடிவெடுத்திருந்தது. அவருக்கோ முன்பற்கள் கோணல்.

"மாமா, இந்தப் பல்லைப் பெருசா காட்டினா சரக்கு எடுக்க வந்தவன் ஓடிருவான். பேசாம ஏலச் சுத்தியலை என்கிட்ட குடுத்துடுங்க" என்றான் மச்சினன். அவன் பல் பளிச்சென்றிருந்தது.

ஆகவே கிளினிக். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை பல்லை மெல்ல நகர்த்துமாம். உறை வழுக்காமலிருக்கப் பல் நிறத்திலேயே சின்னச் சின்னப் பொட்டுகளாம். வாய்க்குள் கேமராவை விட்டுப் படமெடுத்தார்கள். மறுவாரம் 'திட்டமிடல் ஆலோசனை'. பெரிய திரையில் பல்வரிசை ராஜகம்பீரமாகச் சுழன்றது.

டாக்டர் உருகினார். "இந்தப் பல்லைப் பாருங்க! உங்க வாயிலேயே உருப்படியானது இதுதான். பெரிய பொட்டை கம்ப்யூட்டரே இதுக்குத்தான் ஒதுக்கியிருக்கு."

"டாக்டர், அது கட்டுப்பல்லுங்க. ராத்திரி கழட்டி டம்ளர்ல போட்டுடுவேன். படம் எடுக்கறப்பவே சொல்லணும்னு பார்த்தேன், வாய்ல கொக்கி மாட்டி வச்சிருந்தாங்க."

டாக்டர் அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்பதில் அவருக்குத் துளியும் குழப்பமில்லை. திரையில் அந்தப் பல்லுக்கும் கம்ப்யூட்டரே ஒரு வேர் வரைந்து வைத்திருந்தது.

"வேர் எவ்வளவு ஆழமாப் போகுது பாருங்க. கட்டுப்பல்லுக்கு ஏதுங்க வேர்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

"திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்தாச்சு. இப்பப் போய் பல்லை மாத்திச் சொல்றீங்களே" என்று டாக்டர் வருந்தினார். கட்டுப்பல்லுக்கும் பொட்டு ஒட்டப்பட்டது, திட்டத்தின்படி.

கேமரா வந்த நாள். தக்காளி மலையாகக் குவிந்திருந்தது. உறையோடு பேசினால் நாக்கு குழறியது. கழற்றி வைத்துவிட்டுப் பேசலாம் என்று இழுத்தார். இங்கேதான் விஞ்ஞானம் வென்றது. பொட்டின் பிடி அப்படி: உறை வந்தது, கட்டுப்பல்லும் உடைந்து கூடவே வந்தது. ஏலக்காரர் விலையைக் கூவினார். வெறும் காற்றுதான் வந்தது. வியாபாரிகள் சிரித்த சிரிப்பில் ஒருவரும் விலை கேட்கவில்லை. மச்சினன் மிகுந்த துக்கத்தோடு சுத்தியலை வாங்கிக்கொண்டான். கமிட்டி அதை அவனிடமே விட்டுவிட்டது.

உறையும் கையுமாக ஏலக்காரர் கிளினிக்குக்கு ஓடினார். டாக்டர் உறையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார்.

"ஏன் பதறறீங்க? இங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு. ஒரு பல்லு குறையுதா?"

"குறையல டாக்டர்" என்றார் ஏலக்காரர், காற்றும் குரலுமாக. "நீங்க வைத்தியம் பார்த்தது இந்தத் திரைக்குத்தானே? நாளைக்கு மார்க்கெட்டுக்கு இதையே அனுப்பி வைங்க, வந்து ஏலம் போடட்டும். எனக்குத்தான் வேலை போயிடுச்சே."