குடை வாசித்த பாட்டு

வரிசை மாடிக் கூடத்தில் தொடங்கி, படிக்கட்டு வழியாக இறங்கி, கீழே இருந்த சலவைக் கடையை ஒரு சுற்றுச் சுற்றித் தெருவில் நின்றது. நின்றவர்களில் சின்னப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. எல்லாம் நரை கண்ட தலைகள். வண்டி ஓட்டியே முதுகு போனவர்கள், கணக்குப் பார்த்தே கண் போனவர்கள். இனிமேலாவது நமக்கென்று ஒரு கலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று திடீர் ஞானோதயம் வந்தவர்கள். நல்ல ஆசைதான். கற்றுக்கொள்ளாமலே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதில் இருந்த சின்னச் சிக்கல்.

அந்தச் சிக்கலைத் தீர்க்கவே அவதரித்திருந்தார் தொட்டெழுப்பியார். அவருடைய தத்துவம் ரொம்ப எளிது. ஒவ்வொரு தலைக்குள்ளும் ஓர் இசைமேதை குறட்டை விட்டுத் தூங்குகிறான். பயிற்சி செய்தால் இன்னும் அசந்து தூங்குவான். தொட்டெழுப்பியாரின் விரல் உச்சந்தலையில் பட்டால் எழுந்து உட்காருவான். உட்காரத்தான் செய்தான். தொடப்பட்டவர்கள் மேடையில் இருந்த கீபோர்டின் முன் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, ஒற்றை விரலால் தட்டினார்கள். பிசிறில்லாமல் ஒரு பாட்டு வந்தது. கண்ணைத் திறந்தால் சக்தி வெளியே ஓடிவிடும் என்பது விதி. ஆளுக்கு ஆள் அதே பாட்டுதான் வந்தது. எல்லாத் தலைக்குள்ளும் இருப்பது ஒரே மேதைதான் என்று அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. காணிக்கை மட்டும் தலைக்குத் தலை தனித்தனி.

நம் பல்காரரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். அரிசி மணி அளவுக்குப் பிசகினாலும் கடிக்கும்போது தெரிந்துவிடும் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து தேய்ப்பார். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பாடப்போக, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து தனக்கும் இசைக்கும் ஒட்டாது என்று முடிவு கட்டியவர். ஐம்பதை நெருங்கும்போது துணிந்து ஒரு கீபோர்டு வாங்கி, பக்கத்துத் தெரு டீச்சரிடம் சேர்ந்தார். ஒரே ஒரு வரி தேறியது. அதுவும் நொண்டியது. அந்த நேரம் பார்த்துத்தான் தொட்டெழுப்பியாரின் புகழ் காதில் விழுந்தது.

முதல் நாள் தன் விரலிலிருந்து பாட்டு வந்ததைக் கேட்டு மனுஷர் அழுதுவிட்டார். அதைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போவதை அன்றோடு நிறுத்தினார்.

ஆனால் வீட்டுக் கீபோர்டு அசைந்து கொடுக்கவில்லை. அங்கே தட்டினால் பாட்டு, இங்கே தட்டினால் தகரச் சத்தம். வீட்டில் சந்தேகப் பிராணி ஏதாவது இருக்கிறதா என்று தொட்டெழுப்பியார் விசாரித்தார். மனைவி இருக்கிறாள் என்றார் இவர். அதேதான் என்றார் அவர். கூடவே ஒரு வரமும் தந்தார். பல் தேய்க்கிற வேலை விரலின் சக்தியை உறிஞ்சுகிறதாம். அதை விட்டுவிட்டு வந்தால் தலைமைச் சீடராக்கி, தொடுகிற சக்தியையும் தருவாராம். திங்கட்கிழமை வேலையை விட்டுவிடப் போவதாக வீட்டில் வந்து அறிவித்தார் பல்காரர்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பவள். எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பிப்பவர்களை நிறையப் பார்த்தவள். அப்படிப்பட்டவர்களிடம் சண்டை போடமாட்டாள். அட்டையை மாற்றி மாட்டிவிட்டு, இப்போது படியுங்கள் என்பாள்.

"ஏங்க, அங்க வாசிக்கிற விரல்தானே இதுவும்? வர்ற வழியில கழட்டி வெச்சுட்டு வர்றீங்களா?" என்றாள்.

"உனக்கு நம்பிக்கை இல்ல. அதான் இங்க வரமாட்டேங்குது."

"சரி, ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். கண்ணால பார்த்துட்டா நம்பிடறேன்."

ஞாயிறு அன்று தூறல். குடையோடு போனாள். தொட்டெழுப்பியார் தொட்டார், பல்காரர் கண்ணை மூடினார், பாட்டு பொழிந்தது. கூட்டம் அவர் முகத்தில் வழிந்த பரவசத்தைப் பார்த்தது. அவள் விரலைப் பார்த்தாள். விரல் ஒரே கட்டையைத்தான் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தது. பாட்டோ மேலே ஏறி, கீழே இறங்கி, ஊரைச் சுற்றி வந்தது.

அவள் மேடை ஏறினாள். தொட்டெழுப்பியார் கருணையோடு விரலை நீட்டினார். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இருங்க. முதல்ல தொடாம ஒரு தடவை வாசிச்சுப் பார்க்கறேன். அப்பத்தானே தொட்டதுல என்ன வித்தியாசம்னு தெரியும்?"

அவர் பதில் தேடுவதற்குள் குடையைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் ஒரு கட்டையைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். அதே பாட்டு வந்தது. பல்காரரை அழவைத்த பாட்டை ஈரக்குடை ஒரு சுரம் பிசகாமல் வாசித்து முடித்தது.

முன்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆனால் தொட்டெழுப்பியார் லேசில் விழுகிற ஆள் இல்லை. வீட்டுக்காரரிடம் பொங்கி வழிந்த சக்தி குடையில் இறங்கியிருக்கிறது என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆட்டிப் பழகிய தலைகள்.

அவள் வாதாடவில்லை. கீபோர்டின் மேல்பக்கத்தை மூடியிருந்த வெல்வெட் துணியைத் தூக்கினாள். உள்ளே ஒரு பொத்தான் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அழுத்தினாள். அணைந்தது.

"இப்ப நீங்க வாசிங்க. ஊரையே எழுப்பினவர், உங்களோடது தூங்கவா போகுது?"

தொட்டெழுப்பியார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவர் விரலைப் பார்த்தது, முதல் முறையாக. தட்டினார். டொங். இன்னொரு முறை தட்டினார். அதே டொங். வேறு ஊரில் அவசரமாக யாரையோ எழுப்ப வேண்டியிருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பின்வாசல் பக்கம் நகர்ந்தவரைக் காணிக்கை கொடுத்தவர்கள் வழிமறித்தார்கள்.

பல்காரர் அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தினார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தட்டினார். எந்தக் கட்டையைத் தட்டினாலும் பாட்டின் அடுத்த சுரம் தானாக வந்தது. விளையாட்டுக்காகக் கம்பெனிக்காரன் வைத்த வசதி. விரலை எடுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"அப்ப நான் எதுவுமே வாசிக்கலையா?" என்றார்.

"இங்க இல்ல. டீச்சர் வீட்டுல நொண்டி நொண்டி ஒரு வரி வாசிச்சீங்களே, அதுதான் நீங்க வாசிச்சது."

அவர் பொத்தானை அணைத்து, வெல்வெட் துணியை இழுத்து மூடினார். பிறகு, நாளைக்குச் சீக்கிரம் வேலைக்குப் போனால்தான் சாயங்காலம் டீச்சரைப் பார்க்க முடியும் என்றார்.

படிக்கட்டில் இறங்கினால் வரிசை அப்படியே நின்றது. மேலே நடந்தது பாதிதான் கீழே வந்து சேர்ந்திருந்தது. ஒரு பெரியவர் முன்னால் வந்து பயபக்தியோடு தலையைக் குனிந்தார்.

"அம்மா, பாட்டு வாசிச்ச குடை இதுதானாமே. என் தலையில லேசா ஒரு தட்டு தட்டிட்டுப் போங்களேன்."

அவள் குடையைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"இந்தக் குடைக்குத் தலையே கிடையாதுங்க. அதுவே வாசிச்சிருச்சு. உங்களுக்குத்தான் தலை இருக்கே, அதை எழுப்ப அடுத்தவன் விரல் எதுக்கு?"

பெரியவர் தன் தலையைத் தடவிப் பார்த்தார். இருந்தது. இனி அதை உபயோகிப்பதுதான் பாக்கி.