கியர் பெட்டிக்கு வந்த காய்ச்சல்

இந்த வருடம் கோடை மேய்ச்சலுக்குக் கணவாய் ஏறி முடிக்கிற வரை புருல்கானிடம் யோசனை கேட்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். இருபது வருடம் லாரி ஓட்டியவன் நான். போன மாதம்தான் ஆட்டோமேட்டிக் கியர் வேன் வாங்கினேன். கிளட்ச் கிடையாது, கியர் மாற்றுகிற வேலையும் கிடையாது. இதற்குப் போய் பெண்டாட்டியிடம் யோசனையா?

மூன்றாவது வளைவிலேயே சிவப்பு விளக்கு எரிந்தது. கியர் பெட்டி கொதிக்கிறதாம். ஆயில் குச்சியை உருவி மோந்தேன். கருகின வாடை குப்பென்று அடித்தது.

குச்சியைத் துடைத்துச் செருகினேன். கூடாரம் மொத்தமும் என் வேனில். என் தம்பியோ மேலே மேய்ச்சல் வெளியில் ஆடுகளோடு மூன்று நாளாக மழையில் நனைகிறான்.

"பாரம்தான் காரணம். உன் சீதன மெத்தை பன்னிரண்டையும் இறக்கு," என்றேன் புருல்கானிடம்.

"மெத்தை பஞ்சு மாதிரி இருக்குங்க. உங்க கூடாரக் கட்டைதான் கனம்."

"நீயும் இறங்கு. நீ என்ன பஞ்சா?"

முறைத்தாள். பின்னால் வந்த பக்கத்து வீட்டு எசென்பாயின் லாரியில் மெத்தைகளோடு ஏறிக்கொண்டாள். ஆஹா, பாரமும் குறைந்தது, பேச்சும் குறைந்தது!

இரண்டே வளைவு. மறுபடி சிவப்பு விளக்கு.

புருல்கான் இறங்கி வந்தாள். "இப்ப எந்தப் பாரங்க? உங்க தொப்பியையும் கழட்டிடலாமா?"

"பெட்டி போச்சுண்ணே," என்றான் எசென்பாய். "கீழே இழுத்துட்டுப் போயிடலாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சும்மா இருங்க தம்பி, ஆறட்டும்," என்றாள் புருல்கான். ஒரு மணி நேரம் ஆறவிட்டாள். பன்னிரண்டு மெத்தையையும் திரும்ப என் வேனிலேயே ஏற்றினாள். தானும் ஏறினாள். போதாக்குறைக்கு, துணி கட்டிய ஜாடி ஒன்றை என் இடது காலடியில் வைத்தாள்.

"குதிரைப் பாலுக்குப் போடுற உறை. இடது காலால அணைச்சுப் பிடிங்க. கால் நகர்ந்துச்சு, இந்தக் கோடை முழுக்கக் கிமிஸ் கிடையாது."

அந்தப் புளித்த குதிரைப் பால் இல்லாத கோடையா! காலை ஜாடியோடு ஒட்டிவைத்தேன்.

வேன் ஏறியது பாருங்கள்! உச்சி வரை விளக்கு கண்ணே திறக்கவில்லை. அங்கே வண்டிகளை நிறுத்தி இறங்கினோம்.

"பார்த்தியா எசென்பாய்? ஆயிலை ஆறவிட்டு எடுக்கணும். அனுபவம்டா!"

"ஆமா, அவருக்குத் தெரியாததா," என்றாள் புருல்கான்.

அவன் லாரிக்குத் திரும்பியதும் என் காதோரம் வந்தாள். "ஏங்க, எசென்பாய் லாரியில வந்தப்பப் பின்னாடியிருந்து பார்த்தேன். ஏறுற வழி பூரா உங்க பிரேக் விளக்கு அணையவே இல்லை. கிளட்ச்சுன்னு நெனச்சு உங்க இடது கால் பிரேக்குல குந்தியிருக்கு. மிதிச்சுக்கிட்டே ஏத்தினா பெட்டி கொதிக்காம என்ன செய்யும்?"

"எசென்பாயும் பார்த்தானா?"

"கேட்டான். விளக்குதான் ரிப்பேர்னு சொல்லிட்டேன்."

கண் கலங்கிவிட்டது. ஊரே சிரிக்க வேண்டியதை ஒரு ஜாடியோடு முடித்துவிட்டாளே, மகராசி! தம்பியும் இன்றைக்கு நனையாமல் படுப்பான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ நல்லா இருக்கணும் புருல். நானும் சும்மா இல்லை. உறை ஒரு சொட்டு சிந்தலை பாரு!"

"அது வெறும் தண்ணிங்க. உறை எசென்பாய் லாரியில பத்திரமா இருக்கு. உங்க காலை நம்பி அதைக் குடுப்பேனா?"